ஓர் எழுத்து, ஒரு வைட்டமின், ஒரு பிரஷர்

144/87. பதினாறு வாரம் கழித்து அளந்தபோது 131/80.

பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே உள்ள தூரம் தெரியும். டாக்டர் டோஸைக் கூட்டியிருப்பார், இல்லையென்றால் இன்னொரு மாத்திரையைச் சேர்த்திருப்பார் என்றுதான் நினைப்போம். வடக்கு அயர்லாந்தின் கோல்ரெய்ன் நகரத்தில் இருக்கும் அல்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்த்தது தினமும் 1.6 மில்லிகிராம் ரைபோஃபிளேவின். வைட்டமின் பி2 என்றால் சட்டென்று விளங்கும். வாய்ப்புண் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைக்குள் இருக்கும் அதே மஞ்சள் பொருள்தான். அந்த மாத்திரையில் வழக்கமாக இருப்பதைவிடவும் இது மிகக் குறைந்த அளவு.

இதே ஆய்வில் இதே வைட்டமினை இதே பதினாறு வாரம் சாப்பிட்ட வேறு சிலருக்கு பிரஷர் துளியும் அசையவில்லை. இரு தரப்பையும் பிரித்தது டி.என்.ஏ.வில் ஓரிடத்தில் இருந்த ஓர் எழுத்து.

2010-ல் வெளியான ஆய்வு இது. இளவயதிலேயே இதய நோய்க்கு ஆளான 181 பேர் அதில் இருந்தார்கள். அதன் பிறகு அதே குழு இந்தக் கேள்வியை விடாமல் துரத்திவருகிறது. உலகம் முழுக்க பிரஷருக்கும் மரபணுவுக்கும், பிரஷருக்கும் வைட்டமினுக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகளுக்குக் கணக்கே இல்லை. மரபணு, வைட்டமின் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்று மனிதர்களிடம் சோதித்துக் காட்டியவை மிகச் சில. கோல்ரெய்ன் கதையை விரிவாகச் சொல்லக் காரணம் அதுதான்.

குன்னூரில் ஒரு முன்கதை

ரைபோஃபிளேவினை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறோம். பி-காம்ப்ளெக்ஸ் போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகிறதே, அதுதான். உடம்பு இதை அதிகம் சேர்த்துவைப்பதில்லை. தேவைக்கு மேல் வந்ததை வெளியே தள்ளிவிடும். 1879-ல் பால் தெளிவிலிருந்து ஒரு மஞ்சள் நிறமியாகத்தான் இது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1930-களில்தான் இது வைட்டமின் என்று புரிந்தது. வெளிச்சம் இதற்குப் பகை. கண்ணாடிப் புட்டியில் ஊற்றிய பாலை வெயிலில் வைத்தால் சத்தின் பெரும்பகுதி சில மணி நேரத்தில் போய்விடும்.

இது குறைந்தால் என்ன ஆகும் என்பதைக் கண்டறிந்ததில் நீலகிரிக்கு ஒரு பங்கு உண்டு. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வாலஸ் ஆக்ராய்டும் பி.ஜி. கிருஷ்ணனும் 1936-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வாயோரம் வெடிப்பு, நாக்கில் புண் என்று அவதிப்பட்டவர்களிடம் வைட்டமின் பி2 பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டிய கட்டுரை. தீட்டிய அரிசியை நம்பி வாழ்ந்த தென்னிந்திய ஏழைகளிடம் அந்தப் புண் சாதாரணமாகக் காணக்கூடியதாக இருந்தது. அமெரிக்காவில் இந்தக் குறைபாட்டுக்குத் தனிப் பெயர் சூட்டியது அதற்குப் பிறகுதான். குன்னூர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிசன் பிறந்தது வடக்கு அயர்லாந்தின் போர்ட்டடவுனில். பி2 கதையின் அடுத்த பெரிய அத்தியாயமும் அதே வடக்கு அயர்லாந்தில் எழுதப்பட்டது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த ஆய்வுக்கூடம் பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அங்கே மஹ்தாப் பாம்ஜி 1969-ல் வெளியிட்ட ஆய்வு, ரத்தச் சிவப்பணுவில் உள்ள ஒரு நொதியை வைத்து ஒருவரின் ரைபோஃபிளேவின் நிலையைக் கணிக்கும் முறையை நிலைநாட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று. அந்த நொதி வேலை செய்ய ரைபோஃபிளேவினிலிருந்து வரும் துணைப்பொருள் வேண்டும். ரத்தத்தை எடுத்து நொதியின் வேகத்தை ஒருமுறை அளக்கிறார்கள். வெளியிலிருந்து அந்தத் துணைப்பொருளைச் சேர்த்து மறுபடி அளக்கிறார்கள். வேகம் நன்றாகக் கூடினால் உடம்பில் பற்றாக்குறை இருக்கிறது என்று பொருள். கோல்ரெய்னில் இன்று செய்வதும் இந்த வகைச் சோதனைதான். பற்றாக்குறை உள்ள பலருக்கு வாய்ப்புண் வருவதே இல்லை. வெளியே ஒன்றும் தெரியாது. இந்தச் சோதனை இல்லாமல் அவர்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

677-ஆம் இடம்

இப்போது மரபணுவுக்கு வருவோம். பெயர் வாயில் நுழையாது: எம்.டி.எச்.எஃப்.ஆர். கீரையிலிருந்தும் பருப்பிலிருந்தும் கிடைக்கும் ஃபோலேட் என்ற வைட்டமினை, உடம்பு பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் நொதியை இது உருவாக்குகிறது. அந்த வடிவத்தில் உள்ள ஃபோலேட்தான் பி12-இன் துணையோடு, ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்கிறது.

இந்த மரபணுவின் 677-ஆம் இடத்தில் சிலருக்கு ‘சி’ என்ற எழுத்துக்குப் பதில் ‘டி’ இருப்பதை 1995-ல் மான்ட்ரியாலில் ரீமா ரோஸனின் குழு கண்டறிந்தது. ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டிலும் ‘டி’ அமைந்தவர்களை டி.டி. வகை என்பார்கள். (அடிபட்டால் போடும் டி.டி. ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இவர்களின் நொதி ஆய்வுக்கூடச் சோதனையில் மற்றவர்களின் நொதியைப்போல மூன்றில் ஒரு பங்கு வேகத்தில்தான் இயங்குகிறது.

ஏன் இப்படி என்பதற்கு 1999-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து விளக்கம் வந்தது. பாக்டீரியாவில் இருக்கும் இதே நொதியின் வடிவத்தை அவர்கள் படம் பிடித்துப் பார்த்தார்கள். நொதியின் மையத்தில் ஒரு துணைப்பொருள் உட்கார்ந்திருக்கிறது. அதை உடம்பு ரைபோஃபிளேவினிலிருந்துதான் செய்கிறது. ஓர் எழுத்து மாறியதும் நொதிக்கு அந்தத் துணைப்பொருளின் மீதிருந்த பிடி தளர்ந்துவிடுகிறது. அது நழுவியதும் நொதி குலைந்துபோகிறது. காம்பு ஆடும் மண்வெட்டிக்கு ஆப்பு அடித்து இறுக்கினால் வேலைக்கு ஆகும் அல்லவா, அப்படி ரைபோஃபிளேவின் தாராளமாகக் கிடைத்தால் இந்த நொதியும் நின்று வேலை செய்யும். மண்வெட்டியே உறுதியாக இருக்கிறவருக்கு ஆப்பு எதற்கு? கோல்ரெய்ன் முடிவுகள் இரண்டாகப் பிரிந்ததன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

ஹெலன் மக்நல்டி, மேரி வார்ட் ஆகியோரின் குழு முதலில் பிரஷரைத் தேடிப் போகவில்லை. அவர்கள் கவனம் ஹோமோசிஸ்டீன் மீது இருந்தது. 2006-ல் வெளியான சோதனையில், டி.டி. வகையினருக்குத் தினம் 1.6 மில்லிகிராம் ரைபோஃபிளேவின் கொடுத்தபோது ஹோமோசிஸ்டீன் 22 சதவீதம் குறைந்தது. தொடக்கத்திலேயே பி2 குறைவாக இருந்தவர்களிடம் 40 சதவீதம். மற்ற வகையினரிடம் மாற்றமே இல்லை. அதே தர்க்கத்தை ரத்த அழுத்தத்துக்கும் பொருத்திப் பார்த்ததுதான் 2010 ஆய்வு.

எந்த எண்ணை நம்புவது?

144-லிருந்து 131 என்பது கண்ணைப் பறிக்கும் இறக்கம். ஆனால் சிறிய ஆய்வுகளில் முதலில் கிடைக்கும் எண் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். அதே நோயாளிகளில் 83 பேரை நான்கு ஆண்டு கழித்து மறுபடி அழைத்து, முன்பு டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு வைட்டமினையும் மற்றவர்களுக்கு டம்மியையும் மாற்றிக் கொடுத்தார்கள். இந்த முறை டி.டி. வகையினருக்கு மேல் அழுத்தம் சராசரியாக 9 மி.மீ. இறங்கியது. அந்த நான்கு ஆண்டுகளில் டாக்டர்கள் இவர்களுடைய பிரஷர் மருந்துகளை மாற்றியிருந்தார்கள், கூட்டியிருந்தார்கள். அவற்றுக்கெல்லாம் அடங்காத பிரஷர் இது.

மூன்றாவது ஆய்வு 2013-ல். இதய நோய் இல்லாத, ஆனால் பிரஷருக்கு மருந்து சாப்பிடும் டி.டி. வகையினர் 91 பேரை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். இவர்களில் பெரும்பாலோர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளில் இருந்தும், பத்தில் ஆறு பேருக்கு பிரஷர் 140/90-க்குக் கீழே வந்திருக்கவில்லை. ரைபோஃபிளேவின் இவர்களின் மேல் அழுத்தத்தை டம்மியோடு ஒப்பிட 5.6 மி.மீ. குறைத்தது, கீழ் அழுத்தம் மாறவில்லை. 13, 9, 5.6 என்று எண் தேய்ந்துகொண்டே வருவதைக் கவனியுங்கள். மூன்றில் நான் நம்பத் தயாராக இருப்பது கடைசி எண்ணைத்தான். இந்தக் கேள்விக்காகவே, இந்த மரபணு உள்ளவர்களை மட்டும் வைத்து அமைத்த சோதனை அது ஒன்றுதான்.

5.6 சின்ன எண்ணும் அல்ல. 48 மருந்துச் சோதனைகளில் இருந்த 3,44,000-க்கும் அதிகமானோரின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2021-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வின்படி, மேல் அழுத்தம் 5 மி.மீ. குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன.

2020-ல் இதே குழு இடம்பெற்ற ஓர் அயர்லாந்துக் கூட்டமைப்பு 18 முதல் 102 வயது வரையிலான 6,076 பேரின் விவரங்களை வெளியிட்டது. டி.டி. வகையினருக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, இரண்டு பிரதியிலும் ‘சி’ உள்ள சி.சி. வகையினரைப்போல 1.42 மடங்கு. அதோடு பி2 பற்றாக்குறையும் சேர்ந்தால், பற்றாக்குறை இல்லாத சி.சி. வகையினரோடு ஒப்பிட 3 மடங்கு. என் கணக்கில் இந்த விஷயம் முழுவதும் அந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. அயர்லாந்தின் டி.டி. வகையினரில் பெரும்பாலோருக்கு மரபணு ஒரு சாய்வைத்தான் தருகிறது. அந்தச் சாய்வில் அவர்கள் எவ்வளவு தூரம் சறுக்குவார்கள் என்பதைத் தட்டில் விழுந்த பாலும் முட்டையும் ஓரளவு முடிவு செய்கின்றன.

குறையும் சொல்லியாக வேண்டும். ரைபோஃபிளேவின் கொடுத்து பிரஷரை அளந்த இந்தச் சோதனைகள் மூன்றும் ஒரே குழுவிடமிருந்து வந்தவை. ஒவ்வொன்றிலும் சில டஜன் டி.டி. நோயாளிகள்தான். நொதி சரியானால் பிரஷர் ஏன் இறங்குகிறது என்பதும் இன்னும் கருதுகோள் நிலையில்தான் இருக்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடை வெளியிட்டுத் தன்னைத் தளர்த்திக்கொள்கிறது. அதற்கு அந்த ஃபோலேட் வடிவம் உதவுகிறது என்பது விளக்கங்களில் முன்னணியில் இருப்பது.

பிளாட்டும் பிக்கரிங்கும்

பிரஷர் பரம்பரையாக எப்படி வருகிறது என்ற கேள்விக்காக இங்கிலாந்தில் இரண்டு பெரிய டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டார்கள். ராபர்ட் பிளாட், இது ஒற்றை மரபணுவால் வரும் தனி நோய் என்றார். ஜார்ஜ் பிக்கரிங், உயரத்தைப்போல பல காரணங்கள் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு இது, நோய்க்கும் நலத்துக்கும் நடுவே கோடு கிழித்தது நாம்தான் என்றார். 1950-களில் சூடு பிடித்த அந்தச் சண்டையில் வென்றது பிக்கரிங். 2018-ல் 10 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, பிரஷரோடு தொடர்புள்ள மரபணு இடங்களின் எண்ணிக்கையை 901-க்குக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் அழுத்தத்தை மாற்றுவது பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கும் குறைவாக.

அந்த இடங்களில் எம்.டி.எச்.எஃப்.ஆர். இருக்கும் பகுதியும் ஒன்று. 2009-லேயே அது பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் குரோமோசோமில் அதற்கு ஒட்டிய வீட்டிலேயே, இதயத்திலிருந்து சுரந்து உப்பை வெளியேற்றும் ஹார்மோன்களின் மரபணுக்கள் குடியிருக்கின்றன. பிரஷரைக் குறைப்பதே அந்த ஹார்மோன்களின் தொழில். பட்டியலில் தெரியும் அடையாளம் யாருடையது என்று அங்கே சந்தேகம் வருவது நியாயம். ரைபோஃபிளேவினுக்கு டி.டி. வகையினர் மட்டும் பதில் சொன்னது இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் தணிக்கிறது: பக்கத்து மரபணுக்கள்தான் முழுக் காரணம் என்றால் பி2 கொடுத்து ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

லட்சக்கணக்கானோரின் சராசரியில் அரை மி.மீ.யாகத் தெரியும் ஒன்று, சரியான நபர்களைப் பிரித்தெடுத்தால் 5 மி.மீ.யாகத் தெரிவதும் வியப்பில்லை. பாலும் சத்தூட்டிய காலை உணவும் தினம் சாப்பிடுகிறவரிடம் அந்த மரபணு சத்தமில்லாமல் இருந்துவிடும். அவரையும் மற்றவரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினால் விளைவு நீர்த்துப்போகும்.

வைட்டமின் டி சொன்ன எதிர்க்கதை

மரபணுவையும் வைட்டமினையும் சேர்த்துப் பார்த்தாலே உண்மை வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் வைட்டமின் டி கதையையும் கேட்க வேண்டும். வெயிலில் கிடைக்கும் இந்த வைட்டமின் குறைந்தவர்களுக்கு பிரஷர் அதிகம் என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. ஆனால் வெயிலில் நடக்கிறவர் பொதுவாகவே ஆரோக்கியமானவராக இருப்பார். எதனால் எது என்று பிரிக்க முடியாது. பிறவியிலேயே வைட்டமின் டி-யைச் சற்றுக் கூடுதலாகத் தயாரிக்கும் மரபணு அமைந்தவர்களுக்கு பிரஷர் குறைவாக இருக்கிறதா என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தீரும். பிரிட்டனில் ஆய்வு செய்யும், சென்னையில் நீரிழிவு மரபியலில் பயின்ற கரணி விமலேஸ்வரன் முதன்மை ஆசிரியராக இருந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் பார்த்தது. மரபணுவால் வைட்டமின் டி 10 சதவீதம் கூடினால், உயர் ரத்த அழுத்தத்தின் வாய்ப்பு சுமார் 8 சதவீதம் குறைகிறது என்றது.

அப்படியானால் மாத்திரை கொடுத்தால் இறங்க வேண்டும். இறங்கவில்லை. 46 சோதனைகளைத் தொகுத்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில் வைட்டமின் டி மாத்திரையால் ரத்த அழுத்தத்தில் எந்தப் பலனும் தென்படவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 534 பேருக்கு ஆறு மாதம் குறைந்த அளவும் அதிக அளவும் கொடுத்துப் பார்த்ததிலும் அதே முடிவு. பிறந்த நாளிலிருந்து வாழ்நாள் முழுக்க ரத்தத்தில் சற்றுக் கூடுதலாக இருப்பதும், ஐம்பது வயதில் ஆறு மாதம் மாத்திரை விழுங்குவதும் ஒன்றல்ல என்பது ஒரு விளக்கம். மரபணு ஆய்வு காட்டிய விளைவே ஒரு மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் என்பது இன்னொன்று. எதுவானாலும், வைட்டமின் டி ஊசியைப் போட்டுக்கொண்டு பிரஷர் இறங்கும் என்று காத்திருக்கிறவர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை.

சீனாவிலும் நம்மிடமும்

டி.டி. வகை எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. உலகச் சராசரி நூற்றுக்குப் பத்து எனலாம். பச்சிளம் குழந்தைகளிடம் நடத்திய ஒரு பன்னாட்டு ஆய்வில் மெக்சிகோவில் 32 சதவீதம், தெற்கு இத்தாலியின் கம்பானியாவில் 26, வடக்குச் சீனாவில் 20 என்று கண்டார்கள். சீனாவில் 20,702 பிரஷர் நோயாளிகளை வைத்து 2015-ல் வெளியான சோதனை ஒன்று, பிரஷர் மருந்தோடு ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு முதல் பக்கவாதம் 21 சதவீதம் குறைந்தது. இதில் வேடிக்கை, இரு தரப்பின் பிரஷரிலும் வித்தியாசம் இல்லை. வைட்டமின் அழுத்தத்தைத் தொடாமலேயே, அழுத்தம் செய்யும் சேதத்தைத் தடுத்திருக்கிறது. 

தெற்காசியர்களிடம் டி.டி. வகை அரிது, நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவு. எனவே தமிழ்நாட்டில் பிரஷர் பெருகியதற்கு இந்த மரபணுவைக் கைகாட்ட முடியாது. இந்தியா முழுவதும் நடத்தி 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, வயது வந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது. அந்தக் கூட்டத்தை விளக்க உப்பும், எடையும், உட்கார்ந்த வேலையும், வயதும், பிக்கரிங் சொன்ன நூற்றுக்கணக்கான சிறு மரபணுக்களும் போதும். நம்மிடம் ஹோமோசிஸ்டீன் அதிகமாகக் காணப்படுவதற்கும் பெரும்பாலும் பி12 குறைவே காரணம். அசைவத்தைத் தொடாதவர்களிடமும் பாலை அளவாகக் குடிக்கிறவர்களிடமும் அது அதிகம்.

ஆனாலும் நூற்றுக்கு ஒருவர் என்றே வைத்தாலும் தமிழ்நாட்டில் அது பல லட்சம் பேர். இவர்களில் யாருக்காவது மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியவை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, ஊறுகாயும் அப்பளமும் எவ்வளவு, தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பவைதான். இவை எல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் அடங்காதபோது மரபணுவைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் உண்டு. சில ஆயிரம் ரூபாய்க்கு எச்சிலை அனுப்பி வாங்கும் மரபணு அறிக்கைகளில் இந்த எம்.டி.எச்.எஃப்.ஆர். பெரும்பாலும் இருக்கும், அதோடு ஒரு விலையுயர்ந்த வைட்டமின் டப்பாவும் சிபாரிசாக வரலாம். ஒற்றைப் பிரதியில் மட்டும் ‘டி’ இருக்கிறவர்களையும் பயமுறுத்தி விற்கிறார்கள். கோல்ரெய்ன் சோதனைகளில் அவர்களுக்கு ரைபோஃபிளேவினால் பிரஷர் குறையவில்லை.

1.6 மில்லிகிராமுக்கு டப்பாவும் தேவையில்லை. ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம், ஒரு முட்டையில் 0.2-க்குச் சற்று மேல். தயிர், மோர், முருங்கைக்கீரை எல்லாம் கணக்கில் சேரும். ஆட்டு ஈரல் வாரம் ஒருமுறை கிடைத்தால் அந்த நாளின் கணக்கு ஒரே வேளையில் முடிந்துவிடும். சோற்றை மலைபோல் குவித்து ரசம் ஊற்றிச் சாப்பிட்டு எழுகிற இலையில்தான் இது குறைகிறது. 1936-இல் குன்னூரில் கண்ட புண்ணும் அந்த இலையிலிருந்து வந்ததுதான்.

அல்ஸ்டர் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் யாரையும் பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. வைட்டமின் அதற்கு மேல் சேர்த்துக் கொடுக்கப்பட்டது, 5.6 மி.மீ. இறங்கியதும் அந்த மாத்திரைகளோடு சேர்ந்துதான்.